வருகைப் பதிவா, வாக்கா, பேச்சா: எம்.பி.யை எதை வைத்து அளப்பது?

2024 மக்களவைத் தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தபோது, சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். எங்கள் தொகுதி எம்.பி.யின் ஐந்தாண்டுக் கணக்கு அது. வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, பேசிய விவாதங்கள் இத்தனை. பள்ளிக்கூட ரேங்க் கார்டு போலவே இருந்தது. கீழே, "நல்லா வேலை பாத்திருக்காரும்மா, இவருக்கே போட்டுடலாம்" என்று எழுதியிருந்தார்.

எனக்கு வேண்டியது அந்தப் படத்தில் இல்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் எந்தப் பொத்தானை அழுத்தியிருப்பேனோ, அதையே அவரும் அழுத்தினாரா என்பதுதான் என் கேள்வி.

பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, கடந்த சில ஆண்டுகளில் என் மனதைத் தொட்ட மசோதாக்களை வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே முதலில் என் முடிவு. அதன் பிறகுதான் அவர் என்ன செய்தார் என்று தேடப் போனேன். இந்த வரிசை முக்கியம். அவருடைய நிலைப்பாட்டை முதலில் பார்த்துவிட்டால், பிடித்த கட்சி என்றால் மனம் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

தேடும்போதுதான் தெரிந்தது, ஒப்பிட மூன்று விதமான பதிவுகள் இருக்கின்றன, மூன்றும் ஒரே ஆளைப் பற்றி மூன்று விதமாகச் சொல்கின்றன என்று.

சித்தப்பா அனுப்பிய வகையை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த எண்களைப் பி.ஆர்.எஸ். (PRS) என்ற ஆய்வு அமைப்பு தொகுத்து வெளியிடுகிறது. 2005 முதல் இயங்கும் அமைப்பு, ஒழுங்காகச் செய்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, அந்த எண்களால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அந்த ஐந்தாண்டில் வருகை என்பது பதிவேட்டில் போடும் கையெழுத்துதான். போட்டுவிட்டு எவ்வளவு நேரம் அவையில் இருந்தார் என்பது அதில் வராது. அமைச்சர்கள் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதே இல்லை, அதனால் அவர்களை இந்தக் கணக்கில் ஒப்பிடவே முடியாது. கேள்விகளின் எண்ணிக்கையிலும் பாதி அதிர்ஷ்டம். மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய 20 நட்சத்திரக் கேள்விகள், எழுத்தில் பதில் வரும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள். எந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. உழைப்பாளியா என்று தெரிந்துகொள்ள இந்த எண்கள் உதவும். யாருக்காக உழைத்தார், எந்தப் பக்கம் நின்றார் என்று அவை சொல்லாது.

வாக்குக்கு வருவோம். ஒப்பிடுவதற்கு இதுதான் நேரான வழி என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நம் சட்டமன்றத்தில் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பார்கள் அல்லவா, மக்களவையிலும் பெரும்பாலான மசோதாக்கள் அப்படிக் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. எந்தக் குரல் ஓங்கியது என்று சபாநாயகர் சொல்லிவிட்டால் சரி. யார் 'ஆம்' சொன்னார், யார் வாய் திறக்கவில்லை என்பதற்குப் பதிவு கிடையாது. யாராவது மறுத்து 'டிவிஷன்' கேட்டால்தான் மணி அடித்து, கதவுகளை அடைத்து, உறுப்பினர்கள் இருக்கையிலுள்ள பொத்தானை அழுத்துவார்கள். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. பெயர்ப் பட்டியல் அவைக் குறிப்பில் ஏறும். அரசமைப்புச் சட்டத் திருத்தம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்பதால் எண்ணியே தீர வேண்டும்.

எண்ணப்பட்ட வாக்குகளை வைத்து ஒப்பிட உட்கார்ந்தால் சில நேரம் ஒன்றுமே கிடைக்காது. 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டுத் திருத்தம் மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியது. கிட்டத்தட்ட எல்லோரும் பச்சை. நானும் பச்சைதான் போட்டிருப்பேன். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறை என்ற நிபந்தனை எனக்கு ஏற்பில்லை. ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவையில் கேட்ட கனிமொழி போட்டதும், அந்த நிபந்தனையை எழுதிய அரசின் உறுப்பினர்கள் போட்டதும் ஒரே பச்சைதான்.

அதற்கு நேர்மாறாக, குடியுரிமைத் திருத்த மசோதாவின் வாக்குப் பதிவு நிறையப் பேசும். 2019 டிசம்பர் 9ஆம் தேதி தொடங்கிய விவாதம் முடிந்து, நள்ளிரவு தாண்டி மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 311, எதிர்ப்பு 80. அந்த 80ஐ ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அப்போது காங்கிரசுக்கு 52 பேர், தி.மு.க.வுக்கு 24, திரிணாமூலுக்கு 22. இந்த மூன்று கட்சிகளே 98 ஆகிறது. எதிர்த்தே தீருவோம் என்று முழங்கிய கட்சிகளில் பலர் அந்த நேரத்தில் அவையில் இல்லை. வருகைப் பதிவேட்டில் அன்று கையெழுத்து இருந்திருக்கலாம், வாக்குப் பட்டியலில் பெயர் இல்லை. உங்கள் எம்.பி.யின் கட்சி எதிர்த்தது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் 125க்கு 105. அங்கே அ.தி.மு.க. ஆதரித்து வாக்களித்தது. அதே கட்சி 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதாவை அதே மாநிலங்களவையில் எதிர்த்து வாக்களித்தது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு கட்சி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று புரிகிறது. தேர்தல் அறிக்கையை மட்டும் படித்தாலோ, ஒரே ஒரு வாக்கை மட்டும் பார்த்தாலோ தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

தி.மு.க.வுக்கும் இப்படி ஒன்று உண்டு. அப்பாவும் சித்தப்பாவும் அப்போது பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்ததால் எனக்கு அது நன்றாகவே நினைவிருக்கிறது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்துச் சுஷ்மா சுவராஜ் கொண்டுவந்த தீர்மானம் 2012 டிசம்பர் 5ஆம் தேதி மக்களவையில் 218க்கு 253 என்று தோற்றது. தி.மு.க.வின் 18 உறுப்பினர்கள் அப்போதைய காங்கிரஸ் கூட்டணி அரசின் பக்கம் நின்றார்கள். அந்நிய முதலீட்டை நாங்கள் எதிர்க்கிறோம், ஆனால் ஆட்சிக்கு ஆபத்து வந்து பா.ஜ.க.வுக்கு வழியாகிவிடக் கூடாது என்று கலைஞர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்பா அன்று மிகவும் வருத்தப்பட்டார். வாக்கு மட்டும் பதிவானால் 'அந்நிய முதலீட்டை ஆதரித்தவர்கள்' என்று ஆகிவிடும், பேச்சு மட்டும் பதிவானால் 'எதிர்த்தவர்கள்' என்று ஆகிவிடும். இரண்டும் பொய்யில்லை, இரண்டும் முழுசுமில்லை.

அப்புறம் வெளிநடப்பு. 2019 ஜனவரியில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீடு மக்களவையில் 323க்கு 3 என்று நிறைவேறியபோது, அ.தி.மு.க.வுக்கு அங்கே 37 உறுப்பினர்கள். தம்பிதுரை அதை எதிர்த்து நீண்ட நேரம் பேசினார். வாக்கெடுப்பில் அவர்கள் இல்லை, வெளிநடப்புச் செய்துவிட்டார்கள். அந்த மசோதாவை நான் எதிர்க்கிறேன், எனக்காகச் சிவப்புப் பொத்தானை அழுத்த ஆள் அனுப்பினேன், அவர் வெளியே போய் நிருபர்களிடம் பேசினார் என்றால் அதை எப்படிக் கணக்கில் வைப்பது? நான் நோட்டில் வெளிநடப்புக்கென்று தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். எதிர்ப்பு என்ற கட்டத்தில் அதைச் சேர்க்க மாட்டேன்.

இங்கே பிரிட்டனோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே 2004 முதல் 'தே வொர்க் ஃபார் யூ' என்றொரு தளம் இருக்கிறது. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் எம்.பி. ஒவ்வொரு விஷயத்திலும் எப்படி வாக்களித்து வந்தார் என்று சுருக்கமாகக் காட்டும். நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டேன். யோசித்துப் பார்த்தால் தளம் மட்டும் இருந்து பயனில்லை.

ஈராக் போர் பற்றி 2003 மார்ச் 18ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில், ஆளும் தொழிற்கட்சியின் 139 எம்.பி.க்கள் சொந்தப் பிரதமருக்கு எதிராக வாக்களித்தார்கள். அதனால் யாருக்கும் எம்.பி. பதவி போகவில்லை. 2024 ஜூலையில், இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற வரம்பை நீக்கக் கோரி வாக்களித்த ஏழு தொழிற்கட்சி எம்.பி.க்களைக் கட்சி ஆறு மாதம் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்கி வைத்தது. அப்போதும் அவர்கள் எம்.பி.க்களாகவே இருந்தார்கள். அதனால் அங்கே வாக்குப் பதிவு ஒரு மனிதரைப் பற்றி ஏதோ சொல்கிறது.

நம்மிடம் 1985இல் வந்த 52ஆவது அரசமைப்புத் திருத்தம், பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்து, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே பறிபோகலாம். ஆட்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், அந்தத் தேவை உண்மையானது. ஆனால் ஆட்சி கவிழாத சாதாரண மசோதாவுக்கும் அதே மிரட்டல் பொருந்துகிறது. கட்டளை இருந்தால் எம்.பி.யின் விரல் கட்சியின் விரல். நம்பிக்கை வாக்கு, நிதி மசோதா போன்றவற்றுக்கு மட்டும் கொறடா கட்டளை செல்லும்படி மாற்றலாம் என்று காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி 2010இலேயே தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் தானே கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்தார், அது நகரவில்லை. எனக்கு அந்த யோசனை முழுச் சம்மதம்.

சட்டம் எல்லோர்மீதும் ஒரே மாதிரி பாய்வதுமில்லை. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கு வென்றபோது எதிர்த்து வாக்களித்த 11 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் பதவியில் தொடர்ந்தார்கள். அந்த வாக்கெடுப்பில் ஆதரித்துவிட்டு, ஆகஸ்டில் முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேரைச் சபாநாயகர் செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்தார். இதைப் பார்த்த எந்த எம்.எல்.ஏ. அடுத்த முறை தன் மனசுப்படி கை தூக்குவார்?

அதனால்தான் நான் மூன்றாவது பதிவான பேச்சுக்கும் கேள்விகளின் உள்ளடக்கத்துக்கும் வந்து சேர்ந்தேன். கொறடா வாக்கைக் கட்டிப்போட முடியும். எந்தக் கேள்வியை எழுதிக் கொடுப்பது, நேரமில்லா நேரத்தில் எதை எழுப்புவது, எந்தத் தனிநபர் மசோதாவைக் கொண்டுவருவது என்பதில் உறுப்பினரின் கை ஓரளவு மிச்சமிருக்கிறது. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24ஆம் தேதி ஏற்றது. 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்ற நிலையில் அது சின்ன விஷயமில்லை. அன்றைக்கு வாக்கு எண்ணவில்லை, குரல் வாக்குதான். வாக்குப் பதிவை மட்டும் நம்பினால் அந்த உழைப்பு நம் கண்ணில் படவே படாது.

பேச்சைத் தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு. நம் எம்.பி. தமிழில் பேசினால் அவைக் குறிப்பில் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்புதான் இருக்கும். தமிழில் கேட்க வேண்டுமென்றால் காணொளியைத் தேட வேண்டும். நான் அதைத்தான் செய்தேன். நான்கு மாலை ஆனது.

ஆக, என் கணக்கில் வாக்கு கட்சியை அளக்கிறது, பேச்சும் கேள்வியும் ஆளை அளக்கின்றன, வருகை எண் இரண்டையும் அளக்கவில்லை. ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரமிருக்கிறது என்பவருக்கு, உங்களுக்கு முக்கியமான ஒரே ஒரு மசோதாவில் அவர் பேசியதையும் வாக்களித்ததையும் சேர்த்துப் பாருங்கள் என்பேன்.

நோட்டில் ஒரு வரிசை மட்டும் காலியாகக் கிடக்கிறது, வேளாண் சட்டங்கள். மூன்றில் இரண்டு மசோதாக்களுக்கு 2020 செப்டம்பர் 17ஆம் தேதி மக்களவையில் குரல் வாக்கு. 20ஆம் தேதி மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் குரல் வாக்கு. இருக்கையிலிருந்து கேட்டால்தான் டிவிஷன் தர முடியும் என்றார் துணைத் தலைவர், இருக்கையிலிருந்துதான் கேட்டோம் என்றார்கள் கேட்டவர்கள். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த பிறகு, 2021 நவம்பர் 29ஆம் தேதி அவற்றைத் திரும்பப் பெற்றதும் விவாதமே இல்லாமல் குரல் வாக்கில்தான். போட்டபோதும் எடுத்தபோதும் யார் என்ன சொன்னார் என்று பெயர் சொல்லும் பட்டியல் இல்லை. டிவிஷன் கேட்டால் தர வேண்டும் என்பதை நாம் நடைமுறை நுணுக்கம் என்று விட்டுவிடக் கூடாது. வாக்காளருக்குக் கணக்குக் காட்டும் ஒரே ரசீது அதுதான்.

நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ரொம்ப நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பதினோரு மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி: "2012ல கடை விஷயத்துல நம்ம தொகுதி ஆளு எப்படி ஓட்டுப் போட்டாரும்மா?"

அந்த நாளின் அவைக் குறிப்பைத் தேடி, பெயர்ப் பட்டியல் இருக்கும் பக்கத்தை மட்டும் பிரித்து அனுப்பினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு போனைப் பெரிதாக்கி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார் என்று சித்தி மறுநாள் சொன்னார்.