தோற்ற கட்சிக்குப் புதுத் தலைவர்: எம்.பி.க்கள் தேர்வா, உறுப்பினர் ஓட்டா?

தேர்தலில் தோற்ற கையோடு பல கட்சிகளில் கிளம்பும் சண்டை இது. அடுத்த தலைவரை எம்.பி.க்களே கூடி முடிவு செய்வதா, இல்லை கட்சி உறுப்பினர் எல்லாரும் ஓட்டுப் போடுவதா?

வேகம்
எம்.பி.க்கள்: சில நாளில் முடித்துவிடலாம்.
உறுப்பினர்கள்: வாரக்கணக்கு, சமயத்தில் மாதக்கணக்கு. ஆனால் இழுத்தடிப்பது எல்லாமே வீண் இல்லை. 2005 மே மாதம் தோற்ற பிரிட்டன் கன்சர்வேட்டிவ் கட்சி டிசம்பரில்தான் டேவிட் கேமரனைத் தேர்ந்தெடுத்தது. நடுவில் அக்டோபர் மாநாட்டில் குறிப்புச் சீட்டு இல்லாமல் அவர் பேசிய பேச்சுதான் போட்டியையே திருப்பிப் போட்டது.

செலவு
எம்.பி.க்கள்: ஒரு அறை, ஒரு பெட்டி போதும்.
உறுப்பினர்கள்: பட்டியல் சரிபார்ப்பு, வாக்குச்சீட்டு, தபால், பிரசாரம்.

நிலைப்பு
இதுதான் முக்கியம்.
எம்.பி.க்கள்: தினமும் சபையில் கூட நிற்பவர்களின் ஆதரவு கிடைக்கும், தொண்டர் மனசு கிடைக்குமா என்பது வேறு கதை.
உறுப்பினர்கள்: பெரிய பலம், ஆனால் எம்.பி.க்கள் ஒத்துவராவிட்டால் தலைவர் பாடு திண்டாட்டம். 2001-ல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த கன்சர்வேட்டிவ் தலைவர் இயன் டங்கன் ஸ்மித்தை 2003-ல் எம்.பி.க்கள் 90க்கு 75 என்று இறக்கிவிட்டார்கள். 2016-ல் பிரிட்டன் லேபர் கட்சித் தலைவர் ஜெர்மி கோர்பினுக்கு எதிராக 172 லேபர் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள், ஆதரவாக வெறும் 40. அப்புறமும் உறுப்பினர்கள் அவரையே திரும்ப ஜெயிக்க வைத்தார்கள்!

அடுத்த தேர்தல் பக்கத்தில் இருந்தால் எம்.பி.க்களே முடிவு செய்யட்டும். தொண்டர்கள் சோர்ந்து விலகிப் போகிறார்கள், நான்கைந்து வருடம் கையில் இருக்கிறது என்றால் கண்டிப்பாக உறுப்பினர் ஓட்டுதான். கட்சி இரண்டாகப் பிளந்து கிடந்தால், 2013-ல் ஆஸ்திரேலிய லேபர் கட்சி செய்ததுபோல எம்.பி.க்கள் ஓட்டுக்குப் பாதி, உறுப்பினர் ஓட்டுக்குப் பாதி என்று மதிப்பு கொடுங்கள்.