எலும்பு வழி ஹெட்போன்: 3 ஆண்டுகள் மாட்டிப் பார்த்ததில்

இயர்போன் செருகிச் செருகிக் காதுத்துளையில் ஓயாத அரிப்பு. அதற்காகத்தான் எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போனுக்கு மாறினேன். 3 ஆண்டுகளாக நடைப்பயிற்சியில் அதுதான் துணை. அரிப்பு போயே போய்விட்டது. பின்னால் வரும் வண்டிச் சத்தமும் கேட்கிறது.

முதல் வாரம் ஏமாற்றம்தான். டிரம் ஓசை காதில் விழுவதற்குப் பதில் கன்னத்தில் கிச்சுகிச்சு மூட்டியது. எரிச்சலில் ஒருநாள் இரண்டு காதுகளையும் விரலால் பொத்தினேன். சத்தம் குறையவில்லை, கூடியது! அதுவரை காணாமல் போயிருந்த பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, தலைக்குள் கும்மென்று நிறைந்தது.

கன்ன எலும்பில் தொடங்கும் அதிர்வு, செவிப்பறையையும் நடுச்செவியின் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற குட்டி எலும்புகளையும் நம்பியிராமல் மண்டையோட்டின் வழியாகவே உட்செவியில் ஒலியை உணரும் உறுப்பான காக்ளியாவை எட்டிவிடுகிறது. கூடவே காதுத்துளையின் குருத்தெலும்புச் சுவரும் அதிர்ந்து, உள்ளிருக்கும் காற்றில் ஒலி எழுப்புகிறது. துளை திறந்திருந்தால் அதன் தாழ்ந்த ஒலிகள் வெளியேறிவிடும். பொத்தினால் அங்கேயே தங்கிச் செவிப்பறையைத் தட்டும். பெட்டியில் ‘எலும்பு’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது குருத்தெலும்புக்குச் செய்த அநியாயம். அந்த வழியைத் தனியே ஆராய்ந்தவர் ஜப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோஷி ஹொசோய், ஆண்டு 2004. பிறவியிலேயே காதுத்துளை அடைபட்டவர்களுக்கான கேட்புக் கருவிகள் அதிலிருந்து பிறந்தன.

குறைகள் உண்டு. மூக்குக்கண்ணாடிக் காம்பும் ஹெட்போன் வளைவும் காதின்மேல் ஒரே இடத்துக்குச் சண்டையிடும். எதையாவது மென்றால் தாடை அசைய, ஒலியும் ஏறி இறங்கும். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டு கேட்கும். வலது, இடது பிரிவும் அவ்வளவு துல்லியமாக இல்லை, ஒரு பக்க அதிர்வு மண்டையோடு முழுவதும் பரவிவிடுகிறதே.

‘செவிப்பறையைத் தொடாததால் காது கெடாது’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். எந்த வழியில் போனாலும் சத்தம் சேருவது காக்ளியாவின் மெல்லிய மயிர்ச் செல்களிடம்தான். ரயில் இரைச்சலில் நானும் ஒலியளவை முழுதாக ஏற்றியவன்தான். இப்போது நுரை அடைப்பானைச் செருகிக்கொண்டு பாதி அளவில் கேட்கிறேன். ஆம், காதில் எதையும் செருகக் கூடாதென்று வாங்கிய அதே ஆள்தான்.

வாங்கியபோது 8 மணி நேரம் நின்ற சார்ஜ் இப்போது 5 மணி நேரம். வியர்வை உப்பு படிந்த சார்ஜ் முனையை வாரம் ஒருமுறை துடைக்கிறேன். இன்னும் ஓராண்டு ஓடும்.