ஜான் ஸ்டுவர்ட்டா, டிரெவர் நோவாவா?

2015 செப்டம்பர் 28-இல் அமெரிக்க அரசியல் நையாண்டி நிகழ்ச்சியான 'டெய்லி ஷோ'வின் நாற்காலி ஸ்டுவர்ட்டிடமிருந்து நம்ம ஜோகன்னஸ்பர்க் பையன் நோவா கைக்கு வந்தபோது, இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரே குஷி. ஸ்டுவர்ட்டின் பழைய ரசிகர்களுக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில் அந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. யாருடைய பழைய துணுக்குகளைப் பார்ப்பது என்று குழம்புகிறவர்களுக்கு:

கோபம்
ஸ்டுவர்ட்: கொதிப்பார். 2010 டிசம்பரில், செப்டம்பர் 11 மீட்புப் பணியில் உடல்நலம் கெட்ட நான்கு பேரை உட்காரவைத்துப் பேசவிட்டார். அவர்களுக்கான மருத்துவ உதவி மசோதா சில நாளில் நிறைவேறியது.
நோவா: சிரித்துக்கொண்டே குத்துவார்.

நமக்குப் புரிவது
ஸ்டுவர்ட்: அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் சங்கதி தெரியாவிட்டால் பாதி தலைக்கு மேலே போகும்.
நோவா: வந்த முதல் வாரத்திலேயே டிரம்பையும் அப்போதைய நம் அதிபர் ஜேக்கப் சூமாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் பேச்சு அப்படியே ஜோடி! அமெரிக்காவில் எத்தனை பேருக்கு சூமாவைத் தெரியுமோ, இங்கே சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. குரல் மாற்றிப் பேசுவதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை.

பேட்டி
ஸ்டுவர்ட்: விடாமல் மடக்குவார்.
நோவா: விருந்தாளியை நோகவிடமாட்டார். ஆரம்பத்தில் ரொம்பவே சாது.

அமெரிக்க அரசியலைக் கரைத்துக் குடிக்க ஆசையா? ஸ்டுவர்ட்தான். 2024 பிப்ரவரி முதல் திங்கள்கிழமைகளில் திரும்பவும் வருகிறார். சாப்பிட்டபடி பத்து நிமிடம் சிரித்தால் போதுமா? நோவா இடைவேளையில் அரங்கத்தாரோடு பேசிய துணுக்குகளைத் தேடுங்கள். நிகழ்ச்சியைவிட அதுதான் ருசி.