சமபந்தியும் சம்பந்தியும்: தமிழ் 99 விசைப்பலகை

வி, ஏ, எல், ஐ என்று நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கைபேசி வலி, வழி, வளி, வாலி என்று வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. லகரமா ழகரமா என்பதை நம் விரல் முடிவுசெய்வதில்லை, பரிந்துரைப் பட்டியல் செய்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. தமிழே படித்த ஒருவருக்கு தமிழ் 99தான் நேர்வழி.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை இது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்தும் ஷிஃப்ட் இல்லாமலே வரும். உயிரெல்லாம் இடக்கைக்கு, வ, ங தவிர மெய்யெல்லாம் வலக்கைக்கு. ப, ம, த, ந நான்கும் வலக்கை விரல்கள் தங்கும் இடத்திலேயே இருக்கின்றன.

இதன் உயிர்நாடி தானாக விழும் புள்ளி. ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவது புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற இணைகளுக்கும் அப்படியே. மற்ற இடங்களில் ஆய்த விசையே புள்ளி வைக்கும். தங்கம் என எழுத த, ங, க, ம, ஃ என்று ஐந்தே தட்டு. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும் தமிழின் இயல்பை விசைக்குள் இறக்கியிருக்கிறார்கள்; அருமையான வேலை.

தடுக்கி விழுவதும் இங்கேதான். மமதை 'ம்மதை' ஆகும், லலிதா 'ல்லிதா' ஆவார். இவையாவது கண்ணில் பட்டுவிடும். அழைப்பிதழில் சமபந்தி விருந்து என்று அடித்தால் 'சம்பந்தி விருந்து' வந்து நிற்கும். அதுவும் நல்ல சொல்லே என்பதால் பிழைதிருத்தி வாய் திறக்காது. சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பது, கல்யாண உறவுக்காரர் சாப்பாடாகிவிடும். இரு மெய்க்கும் நடுவே அ தட்டினால் தீரும்: ச, ம, அ, ப, ந, த, இ. முதல் நாளே பழக வேண்டிய விதி இது.

தட்டச்சுப் பொறியில் பழகிய விரலுக்கு வேறு சிக்கல். அங்கே 'கெ' அடிக்கக் கொம்பு முதலில், க பிறகு. இங்கே ஒலிக்கும் வரிசைதான்: க, அடுத்து எ. 'கொ' என்பதற்குக் கொம்பு, க, கால் என்று மூன்று தேவையில்லை. க, ஒ போதும்.

குறை என்று சொன்னால் கிரந்தம். ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிஃப்ட்டோடுதான் வரும். முருகன் ஷிஃப்ட்டைத் தொடாமல் தன் பெயரை எழுதலாம். ஷாஜஹான் மூன்று முறை தொட வேண்டும். இலக்கணத்தின் எழுத்துப் பட்டியலை வைத்து இடம் பிரித்தார்கள். பள்ளி வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்திருந்தால் ஜகரத்துக்காவது ஷிஃப்ட் இல்லாத இடம் கிடைத்திருக்கும்.

விண்டோஸிலும் ஐபோனிலும் மொழி அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போதே தமிழ் 99ஐத் தேர்ந்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டுக்குச் செல்லினம் செயலி இருக்கிறது.