சேப்பாக்கம் நடைபாதையில் விற்கும் மஞ்சள் பனியன்: துணி நன்று, தையலும் லேபிளும் சரியில்லை

சென்னையில் ஐ.பி.எல். ஆட்டம் நடைபெறும் நாள்களில், வாலாஜா சாலையில் தொடங்கிச் சேப்பாக்கம் மைதானத்தின் வாயில்கள் வரை நடைபாதை மஞ்சளாகிவிடுகிறது. மதியமே வந்து இடம் பிடிக்கும் வியாபாரிகள் தார்ப்பாய் விரித்தும், சுற்றுச்சுவர்க் கம்பிகளில் கயிறு கட்டியும் பனியன்களைப் பரப்பிவைக்கிறார்கள். ஆட்டம் பார்க்க வெளியூரிலிருந்து வருவோர் ஊர்நினைவாகக் கையோடு கொண்டு செல்வது பெரும்பாலும் இந்தப் பனியனைத்தான்; ஆகவே, மலிவுச் சரக்குதானே என்று ஒதுக்காமல் அதன் தரத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது தகும்.

நான் வாங்கி உடுத்தியவை இரண்டு வகை. ஒன்று, சிறுசிறு துளைகளுடன் பின்னிய, தொழிலில் ‘டாட் நிட்’ என்று சொல்லப்படும் பாலியஸ்டர் பனியன். முதுகில் 7 என்ற எண்ணும் தோனியின் பெயரும் இருந்தன. முந்நூறு ரூபாய் சொல்லி, பேரத்திற்குப் பின் 250 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மற்றொன்று, நெஞ்சில் ‘விசில் போடு’ என்று தமிழில் அச்சிட்ட பருத்தி வட்டக்கழுத்துப் பனியன், 200 ரூபாய்.

பாலியஸ்டர் பனியனின் அச்சு எதிர்பார்த்ததைவிட நன்றாக உழைக்கிறது. இதில் கையாளப்படுவது சப்ளிமேஷன் முறை. தாளில் அச்சிட்ட சாயத்தைத் துணிமேல் வைத்து ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தும்போது, சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. உரிந்து வருவதற்கு மேலே படலம் எதுவும் இல்லாததால், பலமுறை துவைத்த பின்னும் எண் மங்கவில்லை. பக்கத்தில் கிடந்த வெள்ளை வேட்டியிலும் சாயம் ஏறவில்லை. குறை தையலில் இருக்கிறது. அக்குளுக்குக் கீழே, துணியின் விளிம்பு பிரியாமல் போடும் ஓவர்லாக் தையல் முடியும் இடத்தில் நூல் பிசிறாக விட்டுவைக்கப்பட்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தபோது ஒரு விரற்கடை அளவுக்குத் தையல் பிரிந்தே வந்தது. மே மாதத்து இரவில், கடற்காற்று நின்றுபோன நேரத்தில், கூட்டத்துக்கு நடுவே இதை அணிந்து உட்கார்ந்திருப்பது சுகமானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். துளைகள் இருந்தும் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

பருத்திப் பனியன் உடம்புக்கு இதமானது. ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. எழுத்துகள் கனமான ரப்பர் பிரிண்டில் இருப்பதால் மடிப்பு விழும் இடங்களில் வெடிப்பு விடுகின்றன. என் பனியனில் முதலில் வெடித்தது ‘வி’யின் மேல்சுழி. துவைத்துக் காயவைத்ததும் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் திரும்பியது. நூலின் முறுக்கு அடங்காத பின்னல் துணியை முறையாகப் பதப்படுத்தாமல் தைத்தால் நேர்வது இதுதான். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

என்னுடைய பெரிய மனக்குறை தரத்தைப் பற்றியதன்று. சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, “வேற எங்க சார், திருப்பூர்தான், காதர்பேட்டையில எடுக்கிறோம்” என்றார் வியாபாரி. உலகெங்குமுள்ள கடைகளுக்குப் பின்னலாடை அனுப்பும் ஊரின் துணிதான் அது. ஆனால் கழுத்துப் பட்டையின் உள்பக்க லேபிளில் திருப்பூரின் பெயர் இல்லை. வெளிநாட்டு விளையாட்டுடை நிறுவனம் ஒன்றின் சின்னம் இருக்கிறது. அணியின் சின்னமும் அனுமதி பெறாமல் பதித்தது என்பது விலையைப் பார்த்தாலே விளங்கும். வணிகச் சின்னங்கள் சட்டம் 1999இன்படி இது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, போலிப் பெயரை ஒட்டி நல்ல உள்ளூர்த் துணியையும் போலிச் சரக்காக்கிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மேலும், அணியின் சின்னத்தைத் தவிர அந்தப் பனியனில் சென்னை என்று சொல்ல எதுவும் இல்லை. இத்தனைக்கும் இந்த மைதானத்துக்கு நினைவுகள் குறைவா? 1999 ஜனவரி 31 அன்று 12 ஓட்டங்களில் இந்தியாவை வென்ற பாகிஸ்தான் அணிக்கு, தோற்ற வருத்தத்தையும் மீறி எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் இங்கே இருந்தது. 2023 உலகக் கோப்பையில், ஒருநாள் ஆட்டத்தில் முதன்முறையாகப் பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் வென்றதும் இங்கேதான். இத்தகைய ஒரு தேதியை மட்டும் அடக்கமாக அச்சிட்டு, ‘சேப்பாக்கம்’ என்று தமிழில் எழுதிய பனியன் ஒன்று இருந்தால், எந்த நாட்டு ரசிகரும் ஐந்நூறு ரூபாய் கொடுத்தும் வாங்குவார். எவருடைய உரிமத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி சட்டையுடன் கைகூப்பி நின்ற ‘தம்பி’ குதிரை ஊர் முழுவதும் செல்லப்பிள்ளையாக இருந்தது. மைதானத்துக்கு அருகிலுள்ள நேப்பியர் பாலமே சதுரங்கக் கட்டங்களாக மாறியிருந்தது. மறு ஆண்டு ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கிக்குப் போட்டிச் சின்னமாகப் ‘பொம்மன்’ யானை வந்தது. உருவம் படைக்கும் திறமை நம்மிடம் உண்டு என்பதற்கு இவை போதும்; அரசு விழா முடிந்த பின்னும் அவற்றை நடைபாதைவரை கொண்டுவந்து விற்கத்தான் ஆளில்லை.

விற்பனையைப் பொறுத்தவரை, வியாபாரிகள் மரியாதையாகவே பேசுகிறார்கள். பிரித்துக் காட்டச் சொன்னால் முகம் சுளிப்பதில்லை. அளவுதான் தகராறு. எக்ஸெல் (XL) என்று போட்டிருப்பது மார்பில் சுமார் 40 அங்குலமே இருக்கிறது. உயரமும் பருமனும் மிக்க வெளிநாட்டவர்க்குப் பொருந்தும் அளவு அரிதாகவே கிடைக்கிறது. பணம் செலுத்த க்யூஆர் அட்டை எல்லாரிடமும் உண்டு என்றாலும், வெளிநாட்டு வங்கி அட்டை மட்டும் வைத்திருப்பவர் ரொக்கத்தோடு வருவது நல்லது. போலீஸ் வண்டி தென்பட்டால் தார்ப்பாயின் நான்கு முனைகளும் ஒன்றுசேர்ந்து மூட்டையாகிவிடும் என்பதால், கடையை மனத்தில் குறித்துக்கொண்டு மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வருவது நடக்காத காரியம்.

டாஸ் போட்டு முடிந்ததும் விலை இறங்கத் தொடங்குகிறது. முந்நூறு சொன்னவர் நூற்றைம்பதுக்கும் இசைவார். வாங்குவதானால் பாலியஸ்டர் வகையையே வாங்கலாம். பனியனை உள்பக்கமாகத் திருப்பி அக்குள் தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக எடுக்க வேண்டும். பருத்தி வகை 200 ரூபாய்க்குத் தகாது.