நரம்பு சுருட்டு: கத்தியா, லேசரா, பசையா?

"கத்தி வெக்கோணுமாங்க, லேசர்லயே முடிச்சுக்கலாமாங்க?" சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் காலில் நரம்பு சுருண்ட (வெரிகோஸ் வெயின், அதாவது ரத்தக்குழாய் புடைத்து நெளிந்த) தறிக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஷிப்ட் முழுக்கத் தறியோரம் நிற்கும் கால் அது. கெண்டைக்கால் சதை அசைந்து கொடுத்தால்தான் ரத்தம் மேலே ஏறும். ரத்தத்தை மேலே மட்டும் விடும் குழாயின் வால்வு பழுதாகிவிட்டால் ஏறிய ரத்தமும் திரும்ப இறங்கித் தேங்கிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், அதுவும் நிற்க வைத்து எடுத்தது, கையில் இருக்க வேண்டும். எந்த வால்வு கசிகிறது, உள்ளே இருக்கும் ஆழ்ந்த குழாய் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்பது தெரியாமல் எந்த முறைக்கும் சம்மதிக்காதீர்கள்.

பழைய முறையில் தொடை இடுக்கில் கீறி, குழாயைக் கட்டி, முழங்கால் வரை உருவி எடுத்துவிடுவார்கள். முதுகில் ஊசி அல்லது முழு மயக்கம், தொடையெல்லாம் ரத்தக்கட்டு, வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரம். வாரக்கூலி வாங்கும் வீட்டுக்கு அது பெரிய இழப்பு. ஆனாலும் இதை மட்டமான வைத்தியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழாய் ரொம்ப வளைந்து நெளிந்து கிடந்தால் லேசர் இழை உள்ளே போகாது. அங்கே கத்திதான் கைகொடுக்கும்.

லேசரும் ரேடியோ அலையும் ஒரே குடும்பம். குழாயை உள்ளிருந்தே சுட்டு மூடுகிற வேலை. ரேடியோ அலையில் முழங்கால் அருகே ஊசி துளை வழியாக மெல்லிய கம்பி போகும். குழாயைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த நீரை ஏற்றுவார்கள். சுற்றியுள்ள சதை சுடாமல் காப்பது அதுதான். அப்புறம் 120 டிகிரி சூட்டில் 20 நொடி, 6.5 செ.மீ. பின்னால் இழுப்பு, மறுபடி 20 நொடி. அன்றைக்கே நடக்கலாம். இரண்டில் எது என்றால், முதல் சில நாள் வலி ரேடியோ அலையில் கொஞ்சம் குறைவு. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை.

நுரையாக்கிய மருந்தைக் குழாய்க்குள் செலுத்தி மூடும் நுரை ஊசி செலவு குறைந்தது. ஆனால் மூடிய குழாய் திரும்பத் திறந்துகொள்வது இதில் அதிகம். பிரிட்டனில் 798 பேரை ஐந்து ஆண்டு கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்விலும், லேசரும் அறுவையும் செய்துகொண்டவர்களின் நிலை நுரை ஊசிக்காரர்களைவிட நன்றாகவே இருந்தது. முதியவர்களுக்கும், அறுவைக்குப் பின் மறுபடி சுருட்டு வந்தவர்களுக்கும் நுரையை நான் மறுக்க மாட்டேன். குழாயை உள்ளே ஒட்டி மூடும் பசை முறையில் சூடு இல்லை, மரப்பு நீர் இல்லை, விலைதான் கூட. சிலருக்கு அலர்ஜி வரும், பசையும் உடம்பிலேயே தங்கிவிடும்.

சரி, தறிக்காரருக்கு நான் சொல்வது: குழாய் நேராக இருந்து, காப்பீட்டு அட்டையிலோ கைக்காசிலோ சமாளிக்க முடிந்தால் ரேடியோ அலை அல்லது லேசர். முடியாவிட்டால் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனையில் அறுவை, தயங்கவே வேண்டாம். கணுக்காலில் புண் வந்துவிட்டவர்கள் மட்டும் "தீபாவளி போகட்டும்" என்று தள்ளக் கூடாது. 2018-ல் வந்த இன்னொரு பிரிட்டன் ஆய்வில், கட்டுப்போடுவதோடு குழாயையும் சீக்கிரமே மூடியவர்களுக்குப் புண் ஆற 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.