65 ரூபாய் 235 ஆன கதை: 'தோ பீகா ஜமீன்'

சம்பு மஹதோவின் நினைவுப்படி அவன் ஜமீன்தாருக்குத் தர வேண்டிய பாக்கி 65 ரூபாய். வீட்டுச் சாமான்களை விற்று அந்தத் தொகையைத் திரட்டிக்கொண்டு போய் நிற்கும்போது, கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் அதே பாக்கி 235 ரூபாயாக வளர்ந்திருக்கிறது. ஜமீன்தார் வீட்டிலும் வயலிலும் கடனுக்கு ஈடாக அவன் பார்த்த வேலையெல்லாம் அந்தப் பேரேட்டில் ஓர் இடத்திலும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் ரசீது ஏது? வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்கிறது. மூன்று மாதத்துக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் நிலம் ஏலத்துக்கு வரும் என்று தீர்ப்பாகிறது. பிமல் ராய் இயக்கி 1953-இல் வெளிவந்த 'தோ பீகா ஜமீன்' என்ற இந்திப் படம் இந்த மூன்று மாதக் கெடுவுக்குள்தான் பெரும்பாலும் நடக்கிறது.

தலைப்புக்கு 'இரண்டு பீகா நிலம்' என்று பொருள். பீகா என்ற அளவு ஊருக்கு ஊர் மாறும். வங்காளத்துக் கணக்கில் ஒரு பீகா ஏறக்குறைய 33 சென்ட் என்பதால், சம்புவின் சொத்து முழுவதும் ஓர் ஏக்கருக்குள் அடங்கிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பது நல்லது. தாகூரின் கவிதை ஒன்றிலிருந்து பெயரையும், இசையமைப்பாளர் சலில் சௌத்ரி எழுதிய ரிக்‌ஷாக்காரர் பற்றிய கதையிலிருந்து உள்ளடக்கத்தையும் எடுத்துக்கொண்டு, ரிஷிகேஷ் முகர்ஜி திரைக்கதை எழுதிப் படத்தொகுப்பும் செய்திருக்கிறார். ஃபிலிம்ஃபேர் விருதுகள் தொடங்கிய 1954-ஆம் ஆண்டிலேயே சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆகிய இரண்டு விருதுகளையும் பெற்ற இப்படம், அதே ஆண்டில் கான் விழாவிலும் பரிசு பெற்றது.

கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வருபவர்களைப் பற்றிய படங்களில் நகரம் பெரும்பாலும் ஒரு பூதமாகவே வரும். வந்தவன் வெகுளி, ஊர் பொல்லாதது, இரண்டுக்கும் நடுவே கண்ணீர் என்று கதை ஓடும். இந்தப் படமும் கண்ணீருக்கு அஞ்சும் படமன்று. ஆனால் அதன் வலிமை வேறோரிடத்தில் இருக்கிறது. சம்புவின் துயரத்தை விதியென்றோ நகரத்தின் கொடுமையென்றோ விட்டுவிடாமல், அதை ஒரு தொகையாகவும் ஒரு தேதியாகவும் நம் முன் வைத்துவிடுகிறது. கல்கத்தாவில் அவனுக்கு நேரும் ஒவ்வொன்றையும், கிடைக்கும் கூலியையும் போகும் செலவையும், அந்தத் தொகையோடு ஒட்டியும் வெட்டியும் பார்க்கும் பழக்கம் சிறிது நேரத்திலேயே நமக்கும் தொற்றிக்கொள்கிறது. அவன் காய்ச்சலில் படுத்தால் நாமும் நாள்களை எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

ஜமீன்தார் ஹர்னாம் சிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான விமர்சனங்கள் அவரைப் பழைய பாணி வில்லன் என்று கடந்துவிடுகின்றன. முராத் அந்த வேடத்தை மீசையை முறுக்காமல், குரலை அதிகம் உயர்த்தாமல் நடித்திருக்கிறார். அவருக்குச் சம்புவின் நிலத்தில் பயிரிடும் ஆசை சிறிதும் இல்லை. நகரத்து முதலாளிகளோடு சேர்ந்து ஆலை கட்டுவதற்கு, தம் நிலத்தின் நடுவே கிடக்கும் அந்த இரண்டு பீகா தேவைப்படுகிறது. மேற்கு வங்கத்தில் ஜமீன்தாரி உரிமைகளைக் கையகப்படுத்தும் சட்டம் நிறைவேறியதும் இதே 1953-இல்தான். தம் காலம் முடிகிறது என்பதை உணர்ந்து, நிலத்தை முதலாக மாற்றிக்கொள்ள விரையும் ஒரு மனிதரின் கதையாக அவருடைய பகுதியைத் தனியே படிக்கலாம். அப்படிப் படித்தால், சம்புவைக் கிராமத்திலிருந்து துரத்துவதே நகரம்தான் என்பதும், அவன் தன்னைத் துரத்திய நகரத்திடமே கூலி கேட்டுப் போகிறான் என்பதும் புரியும்.

பணம் சேர்க்கக் கல்கத்தாவுக்குப் புறப்படும் சம்புவோடு மகன் கன்னையாவும் தெரியாமல் ரயிலில் ஏறிவிடுகிறான். முதல் இரவே நடைபாதையில் படுத்தவர்களின் மூட்டை திருட்டுப் போகிறது. ஆனாலும் கல்கத்தாவை இயக்குநர் ஒரே வண்ணத்தில் தீட்டவில்லை. குடிசைப் பகுதியில் வாடகைக்கு இடம் தரும் பெண்மணி வாய்த்துடுக்கு மிகுந்தவளானாலும் மனம் ஈரமானவள். நசீர் ஹுசேன் ஏற்றிருக்கும் முதிய ரிக்‌ஷாக்காரர் சம்புவுக்குத் தொழிலுக்கான வழியைக் காட்டுகிறார். செருப்புக்கு மெருகு போடும் சிறுவர்களுக்குத் தலைவனான லாலு உஸ்தாத், கன்னையாவைத் தன் தொழிலில் சேர்த்துக்கொள்கிறான். சிறுவன் ஜக்தீப் நடித்த அந்த லாலுவின் மிடுக்கு இந்தப் படத்தின் அரிய சிரிப்புகளில் ஒன்று. கை கொடுப்பவர்கள் எல்லோரும் அந்தக் குடிசைகளிலும் நடைபாதையிலுமே இருக்கிறார்கள். மாடி வீட்டுக்காரர்களிடமிருந்து காசு வருகிறது, கனிவு வருவதில்லை. இந்தப் பாகுபாட்டைப் படம் வசனமாக்காமல் காட்சிகளின் வரிசையிலேயே சொல்லிவிடுகிறது.

நான் மூன்று முறை திரும்பப் பார்த்த காட்சி ரிக்‌ஷா ஓட்டம். ஓர் இளம்பெண் ஒரு ரிக்‌ஷாவில் போகிறாள். அவளை எட்டிப் பிடிக்க நினைக்கும் ஆண் சம்புவின் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டு, வேகமாகப் போனால் அதிகம் தருவதாகக் கூலியை ஏற்றிக்கொண்டே போகிறான். அவர்களுக்கு அது விளையாட்டு. சம்புவுக்கோ ஏறும் ஒவ்வொரு ரூபாயும் கெடுவிலிருந்து கழியும் ஒரு நாள். ஆகவே அவன் ஓடுகிறான். தெருவில் அடிபடும் வெறுங்கால்களையும், பின்னால் சாய்ந்து சிரிக்கும் முகங்களையும், நுரை தள்ளும் அவன் வாயையும் மாற்றி மாற்றிக் காட்டும் அந்தத் தொகுப்பில் ஒரு கட்டத்துக்கு மேல் மனிதனுக்கும் குதிரைக்கும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. சக்கரம் கழன்று அவன் விழும்போது அது விபத்தாகவே தோன்றுவதில்லை. கூலி ஏற ஏற அந்த முடிவும் நெருங்கிக்கொண்டுதான் இருந்தது.

சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி லண்டனில் பி.பி.சி.யிலும், சாந்திநிகேதனில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். இந்தப் படித்த கனவானை உழவனாக ஏற்பதில் பிமல் ராய்க்கே முதலில் தயக்கம் இருந்ததாம். சாஹ்னி கல்கத்தாத் தெருக்களில் உண்மையாகவே ரிக்‌ஷா இழுத்துப் பழகியதும், அங்கே சந்தித்த பீகார் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் படத்தின் கதையைக் கேட்டுவிட்டு அது தம் சொந்தக் கதை என்று அழுததும் அவரே எழுதி வைத்த செய்திகள். அந்த உழைப்பு நடிப்பில் மேலோட்டமாகத் தெரிவதில்லை. தோளும் கழுத்தும் முன்சரிந்த நடையிலும், பேரம் பேசத் தெரியாத கைகளிலும் அது கரைந்து கிடக்கிறது. சம்புவின் மனைவி பார்வதியாக வரும் நிருபா ராய்க்கு எழுத்தில் கிடைத்த இடம் குறைவு. அந்த இடத்தையும் அவர் வீணாக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கணவனிடமிருந்து செய்தி வராமல் பார்வதி கல்கத்தாவுக்குப் புறப்பட்டு வருவதும், ஒரு கயவனிடமிருந்து தப்பியோடி வாகனத்தில் அடிபடுவதும், அவளை ஏற்றிச் செல்ல அழைக்கப்படும் ரிக்‌ஷா சம்புவுடையதாகவே இருப்பதும், அதுவரை கூட்டிக் கழித்து வந்த ஒரு படம் திடீரென்று சீட்டுக் குலுக்குவது போல இருக்கிறது. கன்னையா திருடத் தொடங்கும் பகுதியிலும் இந்தச் செயற்கை உண்டு. பையன் தவறு செய்த உடனே துன்பம் வாசலில் வந்து நிற்பது நீதிக்கதைக்குப் பொருந்துமே தவிர, இத்தனை நிதானமான படத்துக்குப் பொருந்தாது. இருந்தும், சேர்த்து வைத்த பணம் முழுவதும் பார்வதியின் சிகிச்சைக்குச் செலவாகும்போது கணக்கு மீண்டும் தன் தடத்துக்கு வந்துவிடுகிறது. ஏழையின் சேமிப்பைக் குடிப்பது பெரும்பாலும் மருத்துவச் செலவுதான் என்பதில் இன்றும் மாற்றமில்லை.

பாடல்கள் நான்கும் ஷைலேந்திரா எழுதியவை. மழையை வரவேற்கும் பாட்டு துள்ளலானது. ஊரை விட்டுப் போகும்போது மன்னா டே குரலில் ஒலிக்கும் பாட்டில் சோவியத் படைப்பாடல் ஒன்றின் நடை கேட்கும். பிரிவுக்கு அணிவகுப்பு மெட்டைத் தேர்ந்தெடுத்த துணிச்சல் வியப்பூட்டுகிறது. கமல் போஸின் ஒளிப்பதிவை ரசிக்க நல்ல பிரதி வேண்டும். மறுசீரமைக்கப்பட்ட பிரதி 2025-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டிருக்கிறது என்பதால், இணையத்தில் கிடைக்கும் மங்கிய பிரதிகளில் பார்ப்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம்.

எழுபது ஆண்டு கடந்த படத்தின் முடிவைச் சொல்வதில் பிழையில்லை என்று நினைக்கிறேன். குடும்பம் ஊர் திரும்புகிறது. நிலம் ஏலம் போயிருக்கிறது, சம்புவின் கிழத் தந்தை கங்கு சித்தம் கலங்கித் திரிகிறார், வயல் இருந்த இடத்தில் ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. சம்பு வேலியோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான். எதையோ திருடுகிறான் என்று எண்ணிக் காவலாளி அதட்டுகிறான். சம்பு கையை விரிக்கிறான், மண் கீழே உதிர்கிறது, அவர்கள் நடக்கத் தொடங்குகிறார்கள். எங்கே போகிறார்கள் என்பதைப் படம் சொல்வதில்லை.